மதுரைக்கு உள்ளரங்கம்: ஏழு மீட்டரா, பன்னிரண்டரையா?

செல்லூர்க்காரன்:
நேற்று தமுக்கம் ரசிகன் எழுதியதைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. மதுரைக்கு விளையாட்டு உள்ளரங்கமே வேண்டாமாம். தமுக்கம் மாநாட்டு மையத்தில் வாலிபால் வலையைக் கட்டிவிடலாம், கூரை ஏழு மீட்டர் இருந்தால் போதும் என்கிறார். அண்ணே, உலகப் போட்டிக்கு 12.5 மீட்டர். அதற்குக் கீழே விளக்கு, குழாய், உத்தரம் எதுவும் இருக்கக் கூடாது.

தமுக்கம் ரசிகன்:
விதியில் குறைந்தபட்சம் 7 மீட்டர் என்றுதான் இருக்கிறது. படித்துவிட்டுத்தான் எழுதினேன் தம்பி. மதுரையில் யார் உலகப் போட்டி நடத்தப் போகிறார்கள்?

செல்லூர்க்காரன்:
இந்தக் கேள்விதான் நம் ஊரைக் கெடுத்தது. 2025 கடைசியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம் ரேஸ்கோர்ஸிலும் நடந்ததே, மறந்துவிட்டதா? தரமான ஆடுகளம் போட்டோம், வெளிநாட்டு அணிகள் வந்தன. கபடிக்கும் வாலிபாலுக்கும் மட்டும் மண்டபமா?

ஏழு மீட்டர் என்ன செய்யும் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் ஆடினேன். கடைசி செட், 23-23. எதிரணி சர்வீஸை நான் வாங்கிய பாஸ் மேலே ஏறி உத்தரத்தில் பட்டது. பந்து கூரையில் பட்டால் அவுட். பாயிண்ட் அவர்களுக்குப் போனது, அடுத்த பந்தில் ஆட்டமும் போனது. இன்றைக்கும் அந்த உத்தரம் கண்ணுக்குள் நிற்கிறது.

தமுக்கம் ரசிகன்:
பாஸ் சரியாக எடுத்திருந்தால் உத்தரம் வரை போயிருக்காது. 7 மீட்டர் போதும்.

திருமங்கலத்தான்:
உயரத்தை விடுங்கள். கச்சேரிக்கும் சேர்த்துக் கட்டினால்தான் கட்டடம் பிழைக்கும். ஸ்பீக்கரும் விளக்கும் கூரையிலிருந்துதான் தொங்கும், அந்தப் பாரத்தைத் தாங்கும்படி இரும்புச் சட்டத்தை முதலிலேயே போட வேண்டும். மரத்தரை மேல் பலகை விரித்தால் அன்று இரவே கச்சேரி. உள்ளே தள்ளி மடக்கும் இருக்கை வைத்தால் பேஸ்கட்பாலின் 28-க்கு 15 மீட்டரும் கிடைக்கும், கபடியின் 13-க்கு 10-ம் கிடைக்கும். வெறும் தகரக் கூரை மட்டும் வேண்டாம். மழை பெய்தால் பாட்டும் கேட்காது, விசிலும் கேட்காது.

அலங்கை மாடசாமி:
அதான் எங்கள் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறதே! 2024 ஜனவரியில் திறந்தார்கள். வருடத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்கிறது. அங்கேயே எல்லாம் நடத்தலாம்.

செல்லூர்க்காரன்:
அது மாடு ஓடும் களம். வானம்தான் கூரை. ஐப்பசி மழையில் அங்கே கபடி மேட் விரிப்பீர்களா?

அலங்கை மாடசாமி:
எங்கள் ஊர் அரங்கத்தைக் குறை சொல்ல செல்லூர்க்காரர்களுக்கு என்ன தகுதி? ரவுண்டானாவில் கபடி வீரர் சிலை வைத்தால் போதுமா?

செல்லூர்க்காரன்:
சிலையைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த ரவுண்டானாவைச் சுற்றியுள்ள தெருக்களில் மண்ணில் விழுந்து முட்டி கிழிந்தவர்கள் நாங்கள். 2017-ல் தமிழ் தலைவாஸ் கபடி அணி சொந்த மண்ணில் ஆடியது சென்னை நேரு உள்ளரங்கத்தில். எட்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம், தொண்ணூறுகளில் கட்டியது. நாங்கள் ராத்திரி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி பஸ்ஸிலேயே தூங்கி வந்தோம். எங்கள் ஊர் ஆட்டத்தைப் பார்க்க நாங்கள் 450 கிலோமீட்டர் போக வேண்டுமா?

திருமங்கலத்தான்:
உணர்ச்சி சரி. டிக்கெட் வாங்க மதுரைக்காரன் வருவானா?

செல்லூர்க்காரன்:
திருமங்கலத்திலிருந்து மதுரைக்காரனைப் பற்றிப் பேசாதீர்கள்.

திருமங்கலத்தான்:
திருமங்கலமும் மதுரை மாவட்டம்தான். பஸ்ஸில் அரை மணி நேரம். வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

செல்லூர்க்காரன்:
பெற மாட்டேன். சித்திரைத் திருவிழாவில் வெயிலிலும் விடிய விடிய நிற்கிற ஊர் இது. நல்ல ஆட்டம் வைத்தால் அரங்கம் நிறையும். ஆனால் 12.5 மீட்டருக்குக் குறைவாகக் கட்டினால் அதுவும் இன்னொரு கல்யாண மண்டபம்தான். நாளைக்கு விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே போடுகிறேன்.

தமுக்கம் ரசிகன்:
போடுங்கள். 7 மீட்டர் என்ற வரியும் அங்கேதான் இருக்கிறது, அதை வெட்டாமல் போடுங்கள்.