ஏர்பேக் லைட் அணையவே இல்ல, ரீகால் வண்டியா? அவசரம்

நெய்தல்77: செகண்ட் ஹேண்ட்ல ஹோண்டா சிட்டி எடுத்திருக்கேன். எஸ்ஆர்எஸ் லைட் (ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு) எரிஞ்சுக்கிட்டே இருக்கு. இந்த வண்டிக்கு ஏர்பேக் ரீகால், அதான் கோளாறுக்காக கம்பெனியே திரும்ப அழைக்கிறது, வந்துச்சாமே, அதனாலயா? சனிக்கிழமை குடும்பத்தோட கிளம்பணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஓடோமீட்டர்: எந்த வருஷ வண்டி? ஹாரன், ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யுதா? சமீபத்துல யாராவது சீட்டைக் கழட்டினாங்களா?

ஸ்பானர்சித்தர்: வருஷம் கிடையாது, வேரியன்ட் கிடையாது. ஜோசியர்கிட்டகூட பிறந்த தேதி கொடுத்துட்டுத்தான் கேட்பாங்க. மேல பின் பண்ணி வெச்சிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்க.

வோல்ட்12: பேட்டரி வீக்கா இருக்கும். நெகட்டிவைக் கழட்டி மாட்டினா போயிடும்.

ஓடோமீட்டர்: போகாது. எஸ்ஆர்எஸ் பழுதுக் கோடு (code) ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளயே பதிஞ்சிருக்கும், பேட்டரியைக் கழட்டினா அழியாது. எஞ்சின் கோடு மட்டும் படிக்கிற சின்ன ஓபிடி டாங்கிளும் இதுக்கு உதவாது.

நெய்தல்77: 2013 பதிவு, பெட்ரோல். ஹாரன், பட்டன் எல்லாம் ஓகே. வித்தவர் புது சீட் கவர் போட்டுக் கொடுத்தார்.

கிளாக்ஸ்பிரிங்: சீட் கவர்! அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ஹாரன் அடிக்குதுன்னா ஸ்டீயரிங்குக்குள்ள இருக்கிற கேபிள் ரீல் மேல சந்தேகம் குறைவு. கவர் மாட்டும்போது சீட்டுக்கு அடியில பெல்ட் பக்கிள் ஒயர் கனெக்டரை இழுத்து விட்டிருப்பாங்க. சாவியை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, 3 நிமிஷம் சும்மா இருங்க. அப்புறம் சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, லூஸா தொங்குற கனெக்டரை ‘டக்’னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க. ஏர்பேக் ஒயரோட மஞ்சள் கனெக்டர்ல மல்டிமீட்டரை மட்டும் வைக்காதீங்க, அந்தக் கரன்ட்டே பையை வெடிக்க வெச்சுடலாம். சரியா இருந்தா சாவி போட்டதும் லைட் சுமார் 6 வினாடி எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா அது இன்னும் மோசம், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம்.

ரீகால் தனி விஷயம். டகாட்டா கம்பெனியோட இன்ஃப்ளேட்டர்ல, அதான் பையை ஊத வைக்கிற பாகம், வெடிமருந்து அமோனியம் நைட்ரேட். ஈரப்பதமும் வெயிலும் வருஷக்கணக்கா மாறி மாறிப் பட்டா அந்த மருந்து வில்லை நொறுங்கும். அப்புறம் பத்தும்போது அளவுக்கு மீறி வேகமா எரிஞ்சு, உலோகக் கூடு உடைஞ்சு துண்டு துண்டா ஆள் மேல பாயும். யூனிட் சர்க்யூட் ரெசிஸ்டன்ஸை மட்டும்தான் பார்க்குது, மருந்து கெட்டுப்போனது அதுக்குத் தெரியாது. லைட் அணைஞ்சதால ரீகால் முடிஞ்சதா ஆகாது.

ஆர்சி_அலசி: பதிவு வருஷத்தை நம்பாதீங்க, ஆர்சில தயாரிப்பு மாசம், வருஷம் பாருங்க. 2017 ஜனவரில ஹோண்டா இந்தியா அறிவிச்ச 41,580 வண்டி 2012 தயாரிப்பு. 2018 ஜனவரில வந்த 22,834 வண்டி 2013 தயாரிப்பு. ரெண்டுலயும் சிட்டி உண்டு. 17 இலக்க சேஸிஸ் எண்ணை கம்பெனி தளத்துல போட்டுப் பாருங்க. அதுல ஐ, ஓ, க்யூ எழுத்து வராது, அப்படித் தெரிஞ்சா அது 1ம் 0ம்தான்.

வோல்ட்12: பத்து வருஷம் தாண்டிடுச்சே. 7 வருஷத்துக்கு மேல ரீகால் செல்லாது.

ஆர்சி_அலசி: 7 வருஷக் கணக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவுல அரசு கட்டாயமா திரும்ப அழைக்கச் சொல்றதுக்கு, அதுவும் 2021 ஏப்ரல்ல இருந்து. இது கம்பெனி தானா முன்வந்து அறிவிச்சது. கை மாறின வண்டிக்கும் இலவசம்தான்.

வோல்ட்12: சட்டம் பேசலாம், பார்ட் வரணுமே. அதுவரைக்கும் ஃபியூஸைப் பிடுங்கிட்டு ஓட்டுறதுதான் புத்திசாலித்தனம். அமெரிக்காவுல பாதிக்குப் பாதி வெடிக்குதாம்.

கிளாக்ஸ்பிரிங்: அந்த 50 சதவீதம் 2001–2003 ஹோண்டா, அக்யூரால ஒரு குறிப்பிட்ட வகைக்கு, லேப் சோதனைல வந்த கணக்கு. எல்லாத்துக்கும் ஒட்டாதீங்க. ஃபியூஸைப் பிடுங்கினா ரெண்டு பையும் போச்சு, மோதும்போது பெல்ட்டை இறுக்குற ப்ரீடென்ஷனரும் போச்சு.

ஸ்பானர்சித்தர்: இதெல்லாம் பின் பண்ணின பதிவுலயே இருக்கு.

ஓடோமீட்டர்: அந்த லிங்க் செத்து ரொம்ப நாளாச்சு, சித்தரே.

நெய்தல்77: டிரைவர் சீட் கனெக்டர்தான். மாட்டி, ஒர்க்ஷாப்ல ஸ்கேனர் வெச்சு கோடு அழிச்சாச்சு, லைட் போயிடுச்சு. ஆர்சில தயாரிப்பு 11/2012. சேஸிஸ் எண் போட்டா ரீகால் பெண்டிங்னு காட்டுது, புக் பண்ணியாச்சு. நன்றி.

கிளாக்ஸ்பிரிங்: பெண்டிங் டிரைவர் பக்கமா, பக்கத்து சீட்டா? பக்கத்து சீட்னா மாத்துற வரைக்கும் அங்க யாரையும் உட்கார வைக்காதீங்க. டிரைவர் பக்கம்னா சனிக்கிழமை வேற வண்டி பாருங்க.

ஆர்சி_அலசி: மாத்தினதும் ஜாப் கார்டுல சேஸிஸ் எண்ணோட எழுதி வாங்குங்க.

ஓடோமீட்டர்: நெய்தல்77, எந்தப் பக்கம்னு சொல்லலையே?