ஓட்டல் விமர்சகர் வேலை: சாப்பிட்டே சம்பாதிக்க முடியுமா?

நெல்லைக்காரன்:
ஐடி வேலை அலுத்துவிட்டது. ஓட்டல் ஓட்டலாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எழுதினால் சம்பளம் தருகிறார்களாமே, அதையே முழுநேரமாகச் செய்தால் என்ன என்று யோசிக்கிறேன். வீட்டில் சொன்னால் அடிக்க வருகிறார்கள். யாராவது இந்த வேலை பார்த்திருக்கிறீர்களா?

பழைய நிருபர்:
மூன்று வருடம் ஒரு பத்திரிகையில் வாராவாரம் எழுதினேன். முதல் ஆறு மாதம் சொர்க்கம்தான். அப்புறம்தான் தெரிந்தது, பசியே இல்லாத நேரத்தில் சாப்பிடுவதற்குத்தான் சம்பளம் என்று. நான்கு பேராகப் போய் ஆளுக்கொன்று வாங்கி, எல்லார் தட்டிலும் இரண்டு வாய் எடுத்துவிட்டு, கை கழுவுமிடத்தில் நின்று போனில் "மீன் குழம்பு, புளி தூக்கல், மீன் நேற்றையது" என்று குறித்துக்கொண்டிருப்பேன். கூட வரும் நண்பர்கள் தங்களுக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்க முடியாது என்று தெரிந்ததும் மெல்லக் கழன்றுகொள்வார்கள். ஒரே தடவை போய்விட்டு எழுதவும் கூடாது. ஒரு இடத்தில் வத்தக்குழம்பு அமிர்தமாக இருந்தது, மறுவாரம் போனால் உப்புக் கரிக்கிறது, கேட்டால் மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டாராம். எதை எழுதுவீர்கள்?

மாம்பலம் மாமி:
உடம்பையும் யோசிப்பா. நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் 2012 முதல் 12 வருஷம் பார்த்தார். பரிசோதனையில் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே மோசம் என்று வந்ததும் 2024-ல் அந்த வேலையை விட்டார்.

ஊர்சுற்றி:
அதே பத்திரிகையில் அவருக்கு முன்னால் இருந்த ரூத் ரைக்கிள் விக் வைத்துக்கொண்டு, வேறு பெண்மணி மாதிரி வேஷம் போட்டுச் சாப்பிடப் போவார். லெ சர்க் என்ற பெரிய இடத்தில் அந்த வேஷத்தில் போனபோது ஏனோதானோ என்று நடத்தினார்கள். அடையாளம் தெரிந்த பிறகு போனால் ராஜ உபசாரம், இனிப்பில் வைத்த ராஸ்ப்பெர்ரி பழம்கூட மூன்று மடங்கு பெரியது! இரண்டையும் 1993-ல் அப்படியே எழுதி, அந்த ஓட்டலுக்கு இருந்த நான்கு நட்சத்திர மதிப்பீட்டை மூன்றாகக் குறைத்தார். நம் ஊர் யூடியூபர்கள் கேமராவோடு போகிறார்கள், முதலாளியே நின்று பரிமாறுகிறார், பிறகு எங்கே குறை தெரியும்?

நெல்லைக்காரன்:
பில் யார் கட்டுவது?

பழைய நிருபர்:
பத்திரிகைதான், அதுவும் ஒரு வரம்பு வரைக்கும். மிஞ்சினால் நம் பர்ஸ். ஓசியில் சாப்பிட்டால் பேனா எழும்பாது.

நெல்லைக்காரன்:
சரி, ராஜினாமா கடிதம் டிராஃப்டிலேயே கிடக்கட்டும். அந்த வத்தக்குழம்பு எந்த ஓட்டல், மாஸ்டர் திரும்பி வந்தாரா? தனிமடலில் சொல்லுங்கள்.