பில்ட்-இன் மைக்ரோவேவ்: ஓப்பனிங் வெட்டுவதற்கு முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

ஜெலுத்தோங்_வீடு

வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கில் 900 சதுர அடி கொண்டோ. அடுத்த வாரம் சமையலறை கேபினட் வேலை தொடங்குகிறது. மைக்ரோவேவ் மாடல் என்னவென்று சொன்னால்தான் ஓப்பனிங் வெட்ட முடியும் என்கிறார் கேபினட்காரர். வீட்டில் ஐந்து பேர். சோறு, குழம்பு சூடாக்குவது, கடையில் தாபாவ் பண்ணி வரும் சாப்பாட்டைச் சூடாக்குவது, ஃபிரீசர் மீனை இளக வைப்பது, இவ்வளவுதான் அன்றாட வேலை. ஒரு பில்ட்-இன் அவனும் (oven, பேக்கிங் அடுப்பு) தனியாக வாங்குகிறோம்.

மூன்று யோசனைகள் இருக்கின்றன. தொங்கு கேபினட்டில் (உள் ஆழம் 320 மி.மீ.) 20 லிட்டர் ஒன்றை வைப்பது. அல்லது டால் கேபினட்டில் (தரையிலிருந்து எழும் உயரமான கேபினட்) அவனுக்கு மேலே 25 லிட்டர். அந்த டால் கேபினட்டின் இடது பக்கம் சுவர். அல்லது சாதாரண மேசை மைக்ரோவேவையே ஓப்பனிங்கில் தள்ளி, முன்னால் ஒரு சட்டம் அடித்து மூடுவது, இதுதான் மலிவு. கடையில் இருந்தவரோ அவனும் மைக்ரோவேவும் சேர்ந்த 45 லிட்டர் காம்பி ஒன்றே போதும் என்றார். அந்த மூலையில் 13 ஆம்பியர் சாக்கெட் ஒன்றுதான் உள்ளது. எது சரி?

---

செந்தூல்_தச்சு

மாடலைப் பார்த்து ஓப்பனிங் வெட்டச் சொல்லாதீர்கள். கேபினட் இருக்கும் காலத்துக்குள் மைக்ரோவேவ் ஒரு தடவையாவது மாறும். அன்றைக்கு இதே மாடல் கடையில் இருக்காது, ஓட்டை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் எல்லாக் கம்பெனியும் பொருந்தும் பொது அளவில் ஓப்பனிங்கை முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும் மாடலைத் தேடுங்கள்.

25 லிட்டர் வகைக்கு அந்தப் பொது அளவு: உள் அகலம் 560 முதல் 568 மி.மீ., உயரம் 380 முதல் 382 மி.மீ., தடையில்லாத ஆழம் 550 மி.மீ. வெளி அகலம் 600 மி.மீ. உள்ள கேபினட்டில் 18 மி.மீ. பலகை போட்டால் உள்ளே 564 கிடைக்கும், 16 மி.மீ. போட்டால் 568. இரண்டும் சரிதான். நம் ஊரில் தவறு நடப்பது வேறு இடத்தில். பலரும் இன்னும் அடிக்கணக்கில்தான் அளக்கிறார்கள். இரண்டடி என்றால் 610 மி.மீ.; 18 மி.மீ. பலகை போக உள்ளே 574. மைக்ரோவேவின் பக்கவாட்டுத் திருகு பலகையைப் பிடிக்காமல் போக அந்த 6 மி.மீ. போதும். பிறகு ஓரத்தில் பட்டை ஒட்டிச் சரிக்கட்டுவார்கள், ஒவ்வொரு தடவை கதவை இழுக்கும்போதும் முழுப்பெட்டியும் ஆடும். அளவை மில்லிமீட்டரில் எழுதி, கேபினட்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது யோசனையை விட்டுவிடுங்கள். மேசை மைக்ரோவேவ் தன் வெப்பத்தைப் பக்கவாட்டிலும் பின்புறமும் மேலேயும் விடும்படி செய்தது. அதன் கையேட்டில் மேலே 20, 30 செ.மீ. இடம் விடச் சொல்லியிருக்கும். பெட்டிக்குள் அடைத்துச் சட்டம் அடித்தால் விட்ட சூட்டுக்காற்றையே திரும்ப இழுக்கும். முதலில் நடுவில் தானாக நிற்கும், பிறகு மேக்னட்ரான் (நுண்ணலையை உண்டாக்கும் பாகம்) ஆயுள் குறையும், பலகை ஓரத்தில் ஒட்டிய பிவிசி பட்டை சூட்டில் உரியும். அதே கம்பெனி அதே மாடலுக்கென்று விற்கும் சட்டம் இருந்தால் மட்டும் அது வேறு கதை.

பில்ட்-இன் வாங்கினாலும் காற்றுக்கு வழி வேண்டும். அந்த அறைக்கு மட்டும் பின்பலகை போடச் சொல்லாதீர்கள். மைக்ரோவேவ் உட்காரும் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் சுமார் 45 மி.மீ. இடைவெளி விட்டால் சூடு பின்வழியாக மேலே ஏறிவிடும். மேலே கேபினட் கூரையையும் அதே அளவு பின்னுக்கு வெட்ட வேண்டும். பலர் கீழே விட்டு மேலே அடைத்துவிடுகிறார்கள், அப்புறம் என்ன பயன்?

தொங்கு கேபினட்: 300 மி.மீ. ஆழத்துக்கென்றே செய்த மெல்லிய மாடல்கள் உண்டு, 17 முதல் 20 லிட்டர். அவற்றின் சுழல்தட்டு 245 மி.மீ. அளவில்தான் இருக்கும். வீட்டுச் சாப்பாட்டுத் தட்டே 26, 27 செ.மீ. தட்டு சுழலும்போது மைக்ரோவேவின் உள்சுவரில் இடித்து நிற்கும். 25 லிட்டரில் சுழல்தட்டு 315 மி.மீ. ஐந்து பேர் வீட்டுக்கு அதற்குக் கீழே போகாதீர்கள்.

இனி டால் கேபினட்டில் உயரம். பெரும்பாலான வரைபடத்தில் கீழே இரண்டு பெரிய டிராயர், நடுவில் அவன், மேலே மைக்ரோவேவ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடிப்பீடம் 100, டிராயர் 600, பலகை 18, அவன் 600, பலகை 18. மைக்ரோவேவின் தரை 1336 மி.மீ. உயரத்தில் வரும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது தோளுக்கும் மேலே. கொதிக்கும் குழம்புக் கிண்ணத்தை உள்ளே எட்டிப் பார்க்காமலே இழுக்க வேண்டியிருக்கும். டிராயரை ஒன்றாக்கி 200 மி.மீ.க்குக் குறையுங்கள். மைக்ரோவேவ் தரை 936க்கு இறங்கிவிடும், மேடை உயரத்தை ஒட்டி. அவன் கொஞ்சம் தாழும், குனிய வேண்டும். ஆனால் அவனை வாரத்தில் ஒரு நாள் திறப்பீர்கள், மைக்ரோவேவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. (பல கையேடுகள் தரையிலிருந்து குறைந்தது 850 மி.மீ. உயரம் கேட்கும். அதற்கு மேலேதான் இருக்கிறோம்.) அவன் முதுகிலேயே மைக்ரோவேவை உட்கார வைக்கக் கூடாது, நடுப்பலகை கட்டாயம்.

இடது சுவர்: அநேகமாக எல்லா 25 லிட்டர் மாடலுக்கும் கீல் இடது பக்கம். கதவு சுவரை நோக்கித் திறக்கும், கைப்பிடி சுவரில் முட்டும், 90 பாகைக்கு முன்பே நின்றால் சுழல்தட்டைக் கழுவ வெளியே எடுக்க முடியாது. சுவருக்கும் கேபினட்டுக்கும் நடுவில் 75 முதல் 100 மி.மீ. நிரப்புப் பலகை விடச் சொல்லுங்கள். அந்த இடம் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள்.

---

பட்டர்வொர்த்_வயரிங்

செந்தூல் அண்ணன் சொன்ன அளவுகளோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பலகை வெட்டுவதற்கு முன் கரண்ட் விஷயத்தை முடிக்க வேண்டும், ஏனென்றால் சுவரை உடைக்கும் வேலை அதில்தான்.

பெட்டியில் 900 வாட் என்று போட்டிருப்பது சாப்பாட்டுக்குள் போகும் சக்தி. சுவரிலிருந்து இழுப்பது சுமார் 1,450 வாட். 230 வோல்ட்டுக்கு 6.3 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் தாராளமாக ஓடும். பிளக்கின் எல்லை 13 × 230, அதாவது 2,990 வாட்.

சிக்கல் அவனால் வருகிறது. 2,900 வாட் அவனும் 1,450 வாட் மைக்ரோவேவும் சேர்ந்தால் ஏறக்குறைய 19 ஆம்பியர். உங்களிடம் இருக்கும் ஒரே சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் போட்டு இரண்டையும் மாட்டினால் பிளக் முனை உருகும். அதுவும் கேபினட்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அவனுக்கு டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்சுப் பெட்டி) தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. வயர், அவன் கையேட்டில் உள்ள ஆம்பியருக்கேற்ற எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), கைக்கு எட்டும் இடத்தில் இரு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்ச். இப்போதுள்ள சாக்கெட்டை மைக்ரோவேவுக்கு மட்டும் விடுங்கள். பதிவு பெற்ற வயரிங் ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள்; கேபினட்காரரின் ஆள் ‘சும்மா இழுத்துத் தருகிறேன்’ என்றால் வேண்டாம்.

சாக்கெட்டை மைக்ரோவேவுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். பிளக்கின் தடிமன் ஆழத்தைத் தின்றுவிடும், பெட்டி முன்னால் துருத்தி நிற்கும். அவசரத்துக்கு அணைக்கவும் முடியாது. பக்கத்துக் கேபினட்டுக்குள் சாக்கெட், நடுப்பலகையில் 60 மி.மீ. ஓட்டை. மூன்று முனை பிளக் அதில் நுழையும். வயர் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்கூட இருக்காது, எந்த மூலையிலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பாருங்கள்.

காம்பி பற்றி: மைக்ரோவேவ், கிரில், விசிறிக் காற்று மூன்றும் உள்ள 45 லிட்டர் மாடல்கள் பல 3,300 வாட்டுக்கு மேல் இழுக்கும். அவற்றுக்கு 13 ஆம்பியர் பிளக் கூடாது. கடைக்காரர் பிளக்கை வெட்டி மாட்டித் தருகிறேன் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

சிரிம் (SIRIM, மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் அல்ல, மெஷினிலேயே பாருங்கள். மைக்ரோவேவ் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டிய பொருள். இணையத்தில் மலிவாக வரும் இறக்குமதிப் பெட்டிகளில் முத்திரை இருக்காது, பிளக்கும் வேறு நாட்டுப் பிளக்காக இருக்கும், இங்கே பழுது பார்க்க உதிரியும் கிடைக்காது.

---

பங்சார்_அடுப்படி

வீட்டு வேலையைப் பார்த்து நான் சொல்கிறேன். உங்களுக்குக் காம்பி வேண்டாம். சக்தி ஒரு காரணம். அன்றாடக் காரணம் இன்னொன்று: ஒரே வயிறு, ஒரே வாய். கோழி ஒரு மணி நேரம் உள்ளே வேகும்போது குழந்தைக்குப் பால் சூடாக்க முடியாது. 200 பாகையில் வேலை முடிந்த பிறகும் உள்சுவர் நெடுநேரம் கொதிக்கும். பிளாஸ்டிக் டப்பாவை உள்ளே வைத்தால் அடி உருகும். தனி அவன் வாங்குகிறவர்களுக்குக் கிரில்கூட அதிகப்படி. கிரில் கம்பியில் தெறித்த எண்ணெயைச் சுத்தம் செய்வதுதான் மிச்சம்.

அதற்கான பணத்தை இன்வெர்ட்டர் வகை மைக்ரோவேவில் போடுங்கள். சாதாரண மைக்ரோவேவில் 30 சதவீதம் என்று வைத்தால் சக்தி குறைவதில்லை. முழுச் சக்தியில் சில விநாடி ஓடி, நின்று, மறுபடி ஓடும். 30 விநாடியில் 9 விநாடி ஓடுகிற மாதிரி. மீன் இளகும்போது அந்த ஓட்டத்தில்தான் கெடுகிறது. பனிக்கட்டியைவிட உருகிய நீர் பல மடங்கு வேகமாக நுண்ணலையை இழுக்கும். கெம்போங் மீனின் வால் முதலில் உருகும், உருகிய இடம் மேலும் சூடாகும், நடுமுதுகு கல்லாக இருக்கும்போதே வால் வெந்துவிடும். இன்வெர்ட்டர் குறைந்த சக்தியை விடாமல் கொடுப்பதால் சமமாக இளகும். எந்த மெஷினானாலும் வாலையும் வயிற்றோரத்தையும் தட்டின் நடுப்பக்கம் திருப்பி வையுங்கள், பாதியில் புரட்டுங்கள்.

சுழல்தட்டா, தட்டையான அடியா என்று கடையில் கேட்பார்கள். தட்டை அடியில் அலையைக் கலக்கும் விசிறி கீழே மறைந்திருக்கும். நீள்சதுரப் பாத்திரம் வைக்கலாம், துடைப்பது எளிது. உங்கள் வேலைக்கு நான் தட்டை அடியைத்தான் எடுப்பேன். விலை கூடினால் சுழல்தட்டும் குறையில்லை. 2,450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 செ.மீ., அதனால் எந்தப் பெட்டியிலும் சூடான இடமும் ஆறிய இடமும் இருக்கும். சோற்றைக் குவிக்காமல் பரப்பி, நடுவில் குழி விட்டு, இரண்டு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடுங்கள்.

தாபாவ் டப்பா பற்றி எச்சரிக்கை. சம்பல், ரெண்டாங் இரண்டிலும் மேலே எண்ணெய் நிற்கும். எண்ணெய் 100 பாகையைத் தாண்டிவிடும், அதனால் டப்பா எண்ணெய்க் கோட்டில்தான் உருகுகிறது. வெள்ளை நுரை டப்பா வேண்டவே வேண்டாம். பீங்கானுக்கு மாற்றிவிடுங்கள், மேலே ஒரு மூடி.

வாங்கி வந்த அன்றே சோதியுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் குழாய் நீர், வெப்பம் குறித்துக்கொண்டு முழுச் சக்தியில் 2 நிமிடம், கலக்கி மறுபடி அளவு. ஏறிய பாகையை 35ஆல் பெருக்குங்கள். 28 பாகை நீர் 51 ஆனால் 23 × 35 = 805 வாட். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதனால் 900க்கு 800 வந்தால் கவலையில்லை. 600 வந்தால் உத்தரவாதம் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.

---

ஜெலுத்தோங்_வீடு

எல்லோருக்கும் மிக்க நன்றி. டால் கேபினட், 564 × 380 × 550, டிராயர் 200, இடது பக்கம் 100 நிரப்புப் பலகை, அவனுக்குத் தனி லைன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு சந்தேகம். பின்பலகை இல்லாவிட்டால் கரப்பானும் எறும்பும் வராதா? இன்னொன்று, உள்ளே வலது சுவரில் அட்டை மாதிரி ஒன்று இருக்கிறதே, அதை எடுத்துவிடலாமா?

---

பட்டர்வொர்த்_வயரிங்

அட்டையை எடுக்காதீர்கள். அது மைக்கா தகடு, அலை உள்ளே வரும் வாயை மூடியிருக்கிறது. அதில் சம்பல் தெறித்துக் காய்ந்தால் கரியாகி, அந்தக் கரி மின்பொறி விடும். மெஷினே போய்விட்டது என்று பலர் பயப்படுவது இதற்குத்தான். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். ஓட்டையாகிவிட்டால் புதுத் தகட்டை அதே வடிவில் கத்தரித்து மாட்டலாம், மலிவு. மற்றபடி வெளி உறையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் நிற்கும்.

கதவை அறைந்து சாத்த வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். கொக்கிக்குப் பின்னால் சின்னச் சுவிட்சுகள் வரிசையாக வேலை செய்கின்றன. ஒன்று நகர்ந்தால் உள் ஃபியூஸ் போகும், மெஷின் செத்த மாதிரி நிற்கும்.

---

செந்தூல்_தச்சு

பூச்சி வரும், மறுக்க முடியாது. சூடான, இருட்டான இடம் கரப்பானுக்குப் பிடிக்கும், பல்லியும் சர்க்யூட் போர்டில் ஏறி ஷார்ட் ஆக்கும். அதற்காகப் பின்பக்கத்தை அடைக்காதீர்கள். அடிப்பீடத்துக் காற்றுவாயிலும் மேல் இடைவெளியிலும் துருப்பிடிக்காத கம்பிவலை அடியுங்கள், கண் 2 மி.மீ. போதும். அதைவிட நுண்ணிய கொசுவலை எண்ணெய்த் தூசியில் அடைத்துக்கொள்ளும். எறும்பு அந்த வலையிலும் நுழையும், அதற்குச் சாப்பாட்டுத் துணுக்கு உள்ளே கிடக்காமல் பார்ப்பதுதான் வழி. வயர் போகும் 60 மி.மீ. ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு, மிச்ச இடத்தைச் சிலிகான் இல்லாமல் தூரிகை மூடியால் அடைக்கச் சொல்லுங்கள். சிலிகான் வைத்தால் நாளைக்குப் பிளக்கை வெளியே எடுக்க முடியாது.

வெட்டிய பலகை ஓரம் எல்லாவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரம் உட்பட, பட்டை ஒட்டியிருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே கையால் தடவிப் பாருங்கள். நீராவி முதலில் அந்த ஓரத்தில்தான் ஏறும், பலகை உப்பினால் திருகு பிடிப்பு போய்விடும்.