காரிமங்கலம் கடையில் எலக்ட்ரிக்கல் சரக்கு: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. காரிமங்கலத்தில் சிமெண்ட், கம்பி, பிவிசி பைப் மொத்தமாகவும் சில்லறையாகவும் கொடுத்து வருகிறோம். வீடு கட்டுபவர்கள் ஒயர், சுவிட்சுக்கு மட்டும் தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ போகிறார்கள். அதையும் நாங்களே வைக்கலாம் என்று இறங்குகிறோம்.

குழப்பம் ஒயரில்தான். லைட்டுக்கு 1, 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ., ஒயரின் கனம்), பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, ஹீட்டருக்கு 4. ஒவ்வொன்றிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை. 90 மீட்டர் காயில்களாக எல்லாவற்றையும் அடுக்கினால் முதல் முழுக்க அங்கேயே முடங்கிவிடும். தாமிர விலை இறங்கினால் கையிருப்பின் மதிப்பும் இறங்கும். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: எந்த அளவு, எந்த நிறம் வேகமாகப் போகிறது? எம்சிபியில் (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) 6, 16, 32 ஆம்பியர் வைத்துத் தொடங்கினால் போதுமா?

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஒயரை விலை குறைவென்று தரச் சிலர் வருகிறார்கள். அதைத் தொடப்போவதில்லை. சுவருக்குள் போய்விட்டால் பிறகு பார்க்க முடியாத சாமான் அது. பிள்ளைகள் இருக்கும் வீடு.

எலக்ட்ரீஷியன்களுக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கிறீர்கள், மீந்த காயிலைத் திரும்ப எடுக்கிறீர்களா என்பதையும் எழுதுங்கள். ஆவணியில் வீட்டு வேலைகள் தொடங்குமுன் சரக்கு இறக்க வேண்டும்.