பாபுராவ் தெருவில் ஓர் அறை

கடந்த ஜனவரியில் எங்கள் சபையிலிருந்து 11 பேர் ஜவ்வாது மலைக்கு நான்கு நாள் பணித்தளப் பயணம் போய்வந்தோம். ஒடுகத்தூரிலிருந்து மலையேறி, பீஞ்சமந்தைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்கினோம். பகலில் கண், சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைகள், மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும், இரவில் ஜெபக் கூட்டம். இப்படிப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் என்பதால் அதை விரித்து எழுதப் போவதில்லை. நான் எழுத நினைப்பது வீடு திரும்பிய பிறகு நடந்ததை.

அங்கே நாங்கள் நான்கு ஆண்கள் ஒரு மூதாட்டியின் வீட்டில் படுத்தோம். புல் வேய்ந்த ஒற்றை அறை. மாலையிலேயே தரையைச் சாணமிட்டு மெழுகி, வீட்டிலிருந்த இரண்டு பாய்களையும் எங்களுக்கே விரித்து, சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். விடியற்காலையில் வெளியே வந்தபோதுதான், அவரும் அவருடைய மகனும் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்கை விரித்து அந்தக் குளிரில் முடங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். "என்ன ஆயா இது?" என்றேன். "வந்தவங்க வெளியிலயா படுப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார். அன்றைய பரிசோதனையில் அவருடைய வலது கண்ணில் புரை முற்றியிருப்பது தெரிந்தது. வேலூருக்கு வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்படி எங்கள் குழுவில் இருந்தவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "அவ்ளோ தூரம் வந்தா எங்க படுக்கறது?" என்று ஆயா கேட்க, "நம்ம வீடு இருக்கு ஆயா" என்று சொல்லி, அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே என் கைப்பேசி எண்ணை எழுதினேன்.

திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஆயர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார். திரையில் படங்களைக் காட்டி, அந்த ஜனங்களிடம் ஒன்றுமே இல்லை என்றும், ஆண்டவர் எங்களை அவர்களுக்கு ஆசீர்வாதமாக வைத்தார் என்றும் சாட்சி சொன்னேன். எங்களுக்கு வீட்டை ஒழித்துக் கொடுத்தவர் படமும் அதில் இருந்தது. கொட்டகை ஓரத்தில் அவர் படுத்ததை மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததாக நினைவில்லை. சாட்சியின் போக்கில் அதற்கு இடம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆயாவின் மகன் வேலூர் பேருந்து நிலையத்திலிருந்து பேசினார். அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டதாகவும், எங்கள் வீடு இருக்கும் சத்துவாச்சாரிக்கு எந்த வண்டி ஏற வேண்டும் என்றும் கேட்டார். மகளுக்குப் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது என்பது உண்மை. ஆனால் தேர்வு நினைவுக்கு வருவதற்கு முன்பே, மருத்துவமனைக்குப் பக்கமாக இருப்பதுதான் அவர்களுக்கு வசதி என்று நான் சொல்லத் தொடங்கிவிட்டேன் என்பதும் உண்மை. பாபுராவ் தெருவில் ஒரு லாட்ஜில் இரண்டு நாளுக்கு முன்பணம் கட்டி, அறையைத் திறந்து காட்டினேன். ஆயா கட்டிலைத் தொட்டுப் பார்த்து, "இது உங்க ஊடா?" என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டார். மாலையில் இதைக் கேட்ட என் மனைவி, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். கேட்டிருந்தால் கூட்டிவரச் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

மறுநாள் ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனையில் சிகிச்சை முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்கு, நியூயார்க் வங்கியாளர் ஒருவர் மறைந்த தம் மனைவியின் பெயரால் கொடுத்த 10,000 டாலரில் உருவாகி, 1902-ல் 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டதுதான் ஷெல் மருத்துவமனை. அதற்கு முன்பு, அவர் வைத்தியம் படிக்காதிருந்த காலத்தில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிமாருக்குப் பெண் வைத்தியர் வேண்டுமென்று அந்த அம்மையார் இருந்த வீட்டுக்கு வந்து கேட்ட கதையை ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ வருடங்களாகச் சொல்லிவருகிறேன். கதவு தட்டும் ஓசைக்கு மேஜையைத் தட்டிக் காட்டுவதும் உண்டு. 1853-ல் அமெரிக்க மிஷனரிகள் அமைத்த ஆற்காடு மிஷனின் பள்ளிகளில் எழுத்துக் கற்ற குடும்பம் எங்களுடையது என்ற பெருமையும் எனக்கு உண்டு. இவ்வளவும் தெரிந்த எனக்கு, ஒருவர் வீடு தேடி வருகிறேன் என்றபோது லாட்ஜ்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். ஆயா என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதானா அது? வயசுப் பையன்னு இல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். பிறகு, "உங்க ஊடு இங்கிருந்து தூரமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பேருந்து ஏறும்போது மகன் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். இரண்டு படிக்குக் குறையாமல் புடைத்த சாமை இருந்தது. வந்த அன்றே கொடுக்கக் கொண்டுவந்ததாகவும் எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார். வீட்டில் அதை முறத்தில் கொட்டிக் கல் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தலை நிமிராமலே, "ரெண்டு நாளும் அவங்க என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.