அலைவடிவமா, அலைநிரலா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

'வேவ்ஃபார்ம்' என்பதற்கு 'அலைவடிவம்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இயற்பியல் பாடநூலுக்கு அது போதும், அங்கே கைவைக்க மாட்டேன். ஆனால் ராணுவத் தொடர்புக் கருவிகளைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வாசகரை வழிதப்ப வைக்கிறது. பாளையங்கோட்டையில் என் சித்தப்பா ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்துப் பங்கு வாங்குகிறவர். பங்குச்சந்தைக் குறிப்பு ஒன்றில் 'அலைவடிவ உரிமம்' என்று படித்துவிட்டு, "அலைக்கற்றையை மறுபடியும் ஏலம் விடுகிறார்களா?" என்று என்னிடம் கேட்டார். குறை அவரிடம் இல்லை, சொல்லிடம் இருக்கிறது.

ராணுவத் தொடர்பில் வேவ்ஃபார்ம் என்பது அலையின் தோற்றம் அல்ல. குரல் கருவிக்குள் நுழைவது முதல் வானலையாக வெளியேறுவது வரை உள்ள அத்தனை வேலையும் அதற்குள் அடங்கும்: குரலைச் சுருக்குதல், பிறருக்குப் புரியாதபடி மாற்றும் மறையாக்கம், அதை வானலையில் ஏற்றும் பண்பேற்றம், எதிரி இடைமறிக்காதபடி அலைவரிசை விட்டு அலைவரிசை தாவுதல். பழைய கருவிகளில் இவை மின்சுற்றாகவே பதிந்திருந்தன. இப்போது அதே பெட்டியில் ஒரு நிரலை ஏற்றினால் கப்பலோடு பேசலாம், வேறொன்றை ஏற்றினால் விமானத்தோடு பேசலாம். அதனால்தான் 'அலைநிரல்' என்கிறேன். நிரல் கணினித் தமிழில் வேர்பிடித்துவிட்ட சொல். வடிவத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்று யாருக்கும் தோன்றாது. நிரல் என்றதும் தோன்றுகிறது. சித்தப்பாவிடம் அலைநிரல் என்று சொன்னபோது, "அதை எழுதியது யார்?" என்றுதான் முதலில் கேட்டார்.

முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் கடற்படைக்காக இத்தகைய கருவிகளை வாங்க பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் 1,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. இப்படி ஒரு செய்தியைப் படிப்பவர் பெட்டியின் விலையையும் அலைநிரலின் உரிமையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெட்டி விற்றால் வருமானம் ஒருமுறை. நிரலை வைத்திருப்பவரோ, அது ஏறும் ஒவ்வொரு கருவிக்கும் தொகை கேட்க முடியும். அந்த உரிமை அரசிடமே இருந்தால் அந்த வருமானம் நிறுவனத்துக்கு இல்லை. 'அலைவடிவம்' இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது.

இங்கே 'உரிமம்' என்ற சொல்லும் குழப்புகிறது. ஓட்டுநர் உரிமம், அலைக்கற்றை உரிமம் எல்லாம் அரசு தரும் அனுமதி. காப்புரிமை வைத்திருக்கும் நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்றொரு நிறுவனத்துக்குத் தருவது வேறு. குவால்காம் சில்லு விற்கும் வருமானத்தையும் காப்புரிமை வழியாக வரும் வருமானத்தையும் தனித்தனிப் பிரிவாகக் காட்டுகிறது. நிறுவனம் தரும் இந்த அனுமதிக்குப் 'பயனுரிமை' என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, நிரலை மாற்றி வேலையை மாற்றும் இந்தக் கருவிக்கே பெயர். ஆங்கிலத்தில் 'சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ'; தங்கை முன்வைத்தது 'மென்பொருள் வரையறுத்த வானொலி'. 'வரையறுத்த' ஆங்கிலத்தின் நிழல், அதை விட்டுவிடலாம். 'வானொலி' என்றால் நெல்லையில் வானொலி நிலையத்தின் 1197 கிலோஹெர்ட்ஸ் நினைவுக்கு வரும், செய்தியும் பாட்டும் நினைவுக்கு வரும். இது கேட்கும் பெட்டி அல்ல, பேசவும் செய்வது. 'மென்பொருள் வானலைக் கருவி' என்பது என் முன்மொழிவு. 'கருவி' கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் எல்லாமே மென்பொருள் என்ற மயக்கம் வரும். நம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தைப் பாருங்கள். நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைவெண்ணில் ஓர் அலையின் நீளமே பத்து கிலோமீட்டருக்கு மேல். எந்த நிரலாலும் அதை அனுப்பும் ஆண்டெனாக் கோபுரங்களைச் சட்டைப்பையில் அடக்க முடியாது.

இவையெல்லாம் மக்கள் வாயில் ஏறாது என்று சொல்லாதீர்கள், அண்ணாச்சி. 'அலைக்கற்றை' இன்று பெட்டிக்கடைத் திண்ணையிலும் புழங்குகிறது. நெல்லையிலிருந்து 1930களிலேயே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிவியல் சொற்களைத் துறை துறையாகத் தொகுத்திருக்கிறார்கள். நாம் தயங்கலாமா?

ஒரு சொல்லில் மட்டும் எனக்கே தெளிவில்லை. ஒரு கருவிக்கு எழுதிய அலைநிரலை வேறொரு கருவியில் ஏற்றுவதை ஆங்கிலத்தில் 'போர்ட்டிங்' என்கிறார்கள். கேட்டதும் தாமிரபரணிக் கரையின் நாற்றங்கால்தான் எனக்கு நினைவு வந்தது. பிடுங்கிய நாற்று புது வயலில் வேர்பிடிக்க நாளாகும், மண்ணைப் பொறுத்துச் செலவும் ஆகும். அமெரிக்க ராணுவம் மென்பொருள் வானலைக் கருவிகளுக்காக 1997இல் தொடங்கிய ஜே.டி.ஆர்.எஸ். திட்டம் ஒரே அலைநிரலைப் பல நிறுவனங்களின் கருவிகளில் ஏற்றிவிடலாம் என்று நம்பியது. அந்த வேலை நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அத்திட்டத்தின் தரைவாகனக் கருவி, செலவு கட்டுக்கு மீறிப் போனதால் 2011இல் கைவிடப்பட்டது. 'பெயர்நடவு' என்று எழுதிப் பார்த்தேன். 'பெயர்' என்பதை நாமம் என்று படித்துவிடுவார்களோ என்று அச்சம். 'மறுநடவு' என்றால், பட்டுப்போன பயிருக்குப் பதிலாக மீண்டும் நட்டதுபோல் ஆகிவிடுகிறது. வயல் வேலை அறிந்தவர்கள் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிடுங்கி வேறிடத்தில் நடுவதற்கு ஒற்றைச் சொல் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள், அண்ணாச்சி.