இரும்புத் தூணுக்கு வெர்மிகுலைட் பூச்சு: தேவையா, தண்டச் செலவா?

ஸ்டீல்மணி:
நாலு மாடி ஜவுளிக்கடை, முழுக்க ஸ்டீல் ஃப்ரேம். தூண், பீம் எல்லாத்துக்கும் தீக்காப்புக்காக வெர்மிகுலைட்ங்கிற தாது கலந்த சிமென்ட் பூச்சு அடிக்கணும்னு கன்சல்டன்ட் சொல்றார். தீப்பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்ளர் போட்டாச்சு. இரும்பு என்ன விறகா, எரிஞ்சு போக? தண்டச் செலவுங்கிறது என் கட்சி.

பூச்சுவேலை ராசு:
எரியாது சார், இளகும். 600 டிகிரியில அதோட பலத்துல பாதிகூட மிஞ்சாது. தீக்காப்பைச் சோதிக்கிற உலையில அரைமணி நேரத்துக்குள்ள 840 டிகிரி வந்துடுது. ஸ்பெயின்ல மாட்ரிட் வின்ட்சர் டவர்ங்கிற அடுக்குமாடிக் கட்டடத்தைத் தேடிப் பாருங்க. 2005 பிப்ரவரியில, தூண்களுக்குத் தீக்காப்பு வேலை கீழிருந்து மேலே நடந்துட்டிருந்தப்பவே தீப்பிடிச்சது. வேலை எட்டாத 17ஆம் தளத்துக்கு மேல ஓரத்து இரும்புத் தூண்கள் சரிஞ்சு விழுந்துச்சு. வேலை முடிஞ்ச கீழ்த்தளங்கள் நின்னுச்சு.

ஸ்டீல்மணி:
2017இல் தி.நகர் சென்னை சில்க்ஸ் காங்கிரீட்தானே? ஒரு நாளுக்கு மேல எரிஞ்சதும் அதுவும்தான் சரிஞ்சது. அப்புறம் ரெண்டு இஞ்ச் சிமென்ட் என்னத்தைக் கிழிக்கும்?

பூச்சுவேலை ராசு:
அது வேற சிமென்ட், இது வேற சிமென்ட். வெர்மிகுலைட்டைச் சூடாக்கினா அடுக்கடுக்கா விரியும், உள்ளே முழுக்கக் காற்று. வெப்பம் உள்ளே போறது ரொம்ப மெதுவா. சிமென்ட்டுக்குள்ள பிணைஞ்சிருக்கிற தண்ணி ஆவியாகிற வரைக்கும் இரும்பு 100 டிகிரி பக்கமே கொஞ்ச நேரம் நிக்கும். இறுகின காங்கிரீட்டுல அந்த ஆவிக்கு வழியில்லாம பாளம் பாளமா வெடிச்சுத் தெறிக்கிறதும் உண்டு. இதுல துளை வழியா வெளியேறிடும். மணிக்கணக்கில நின்னு எரியுற தீக்கு எதுவும் உத்தரவாதம் இல்ல, அதை ஒத்துக்கிறேன். பூச்சு வாங்கிக் கொடுக்கிறது ஆள் வெளியேறவும் தீயணைப்பு வண்டி வரவுமான ரெண்டு மணி நேரம்.

கடலூர்க்காரி:
தீக்காப்பு வேணும், ஆனா இந்தப் பூச்சு வேண்டாம். நகத்தால் சுரண்டினாலே உதிரும். 2001 இரட்டைக் கோபுரத்துல விமானம் மோதினப்ப பூச்சு உதிர்ந்ததுதான் சரிவுக்கு முக்கியக் காரணம்னு அதை ஆராய்ஞ்ச அமெரிக்க அரசு நிறுவனம் நிஸ்ட்டோட அறிக்கையே சொல்லுது. நம்ம ஊருக்கு விமானம் எதுக்கு? ஏசி டக்ட் ஆளே கிளாம்ப் மாட்ட ரெண்டடி சுரண்டிட்டுப் போயிடுவான். ஃபால்ஸ் சீலிங் மூடினபிறகு யார் பார்க்கிறது? உப்புக்காத்து அடிக்கிற ஊர்னா உள்ளே பிடிக்கிற துருவும் தெரியாது. சூட்டுல உப்புற பெயின்ட் அடிங்க. சில மில்லிமீட்டர்தான், உரிஞ்சா கண்ணுக்குத் தெரியும்.

பூச்சுவேலை ராசு:
ரெண்டு மணி நேரக் காப்புக்கு அந்த பெயின்ட்டை எத்தனை கோட் அடிக்கணும், என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க மேடம், மணி சார் கடையையே வித்துடுவார். சீலிங்குக்கு மேல பூச்சு, கண்ணுல படுற தூணுக்கு பெயின்ட். துருவுக்கு, பூச்சுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் இருக்கு.

ஸ்டீல்மணி:
இந்த வெர்மிகுலைட்டுல புற்றுநோய் வரவழைக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இருக்குமாமே?

கடலூர்க்காரி:
அமெரிக்காவுல லிபி சுரங்கத்துச் சரக்குல இருந்துச்சு, 1990இல் மூடிட்டாங்க. நம்ம திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூர்லயும் வெர்மிகுலைட் எடுக்கிறாங்க. எந்த ஊர்ச் சரக்கானாலும் ஆய்வுச் சான்றிதழ் இல்லாம இறக்காதீங்க.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:
மணி தம்பி, ஸ்பிரிங்ளர் போட்டாச்சுன்னு சொன்னீங்களே, பம்ப் கடைசியா எப்போ ஓடுச்சு?

ஸ்டீல்மணி:
கேட்டுச் சொல்றேன் ஐயா. ஆனா பூச்சு அடிச்சா, தடிமனை யார் அளக்கிறது?

பூச்சுவேலை ராசு:
ஊசி கேஜ் வெச்சு நீங்களே குத்திப் பாருங்க. மெல்லிய பீமுக்குத்தான் அதிகத் தடிமன் வேணும், கனமான தூணுக்குக் குறைவு. எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு கொட்டேஷன் வந்தா திருப்பி அனுப்புங்க. டக்ட், வயரிங் முடிஞ்சதும் ஒட்டுப்போடுற வேலையையும் அதே கான்ட்ராக்டுல எழுதிடுங்க.

கடலூர்க்காரி:
எழுதுவாங்க. போடமாட்டாங்க.